வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்து

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழாக்குழுவினர் எமக்குத் தந்த பொருள் "எழுத்தும் இனமும்" என்பது. இதைப் பேசப் பல்கலைக்கழகத்தார் ஒருவரை அழைத்திருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தோம். "நீங்கள் அரிவரி படிப்பிச்ச ஆக்கள், எழுத்தின்ரை அருமை உங்களுக்குத்தானே தெரியும்" என்று செயலாளர் மடக்கிவிட்டார். ஆகவே அரிவரி வகுப்பில் நின்ற ஆசிரியைகளின் கண்ணுக்குத் தெரிந்ததையே சொல்லப் போகிறோம்.

இந்தப் பொருள் சும்மா எழுந்ததன்று. இம்மலரில் பாடசாலைக் கீதத்தை ஆங்கில எழுத்திலும் அச்சிட வேண்டுமென வெளிநாட்டுக் கிளைகள் சில கேட்டிருந்தன. அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்குகிறது, கொஞ்சம் பேசவும் வருகிறது, வாசிக்க மாத்திரம் வராது. ஒன்றுகூடலில் கீதம் பாடும்போது பிள்ளைகள் வாய்திறவாமல் நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்பது அவர்கள் கவலை. குழு இரண்டாகப் பிரிந்தது. "எந்த எழுத்திலை வாசிச்சாலென்ன, பிள்ளையள் பாடினாக் காணும்தானே" என்றது ஒரு பகுதி. "இங்கிலீசிலை எழுதினால் அது எங்கடை கீதமோ" என்றது மற்றப் பகுதி. இரு பகுதியிலும் எங்களுக்குச் சிநேகிதிகள் உண்டு. எனவே யார் பக்கம் என்று இப்போதே சொல்லாமல், இந்த நாட்டில் எழுத்து மாறிய இடங்களில் மனிதருக்கு என்ன நடந்தது என்பதை முதலிற் பார்ப்போம்.

அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆனைக்கோட்டையிலே பழைய ஈமத்தலம் ஒன்றில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தெடுத்த சிறிய முத்திரையில் இரண்டு வரிகள் உண்டு. மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்துகள். கைக்குள் அடங்கும் ஒரு பொருளில் இரண்டு வகை எழுத்து. வல்லிபுரத்திலே 1936 இல் கிடைத்த பொற்சாசனம் பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் உள்ளது. அது யாருடையது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகு ஒரு கல்வெட்டு வைத்தான். ஊர்காவற்றுறைப் பக்கம் உடைந்துபோகும் கப்பல்களில் வந்த யானை, குதிரைகளில் எத்தனை பங்கு அரசனுக்கு, எத்தனை பங்கு உடையவனுக்கு என்று சொல்வது அது. பொலனறுவையிலிருந்து ஆண்ட சிங்கள அரசன் அதை வெட்டுவித்தது தமிழில். ஏனெனில் அங்கே கப்பலோட்டி வந்த வணிகர் வாசித்த மொழி தமிழ். 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்த உடன்படிக்கையிலும் பிரதானிகளுட் சிலர் தமிழ் எழுத்திலேயே ஒப்பமிட்டார்கள். அதனால் அவர்களை யாரும் தமிழர் என்று எண்ணவில்லை, அவர்களும் எண்ணவில்லை.

அந்தக் காலங்களில் எழுத்து, வாசிக்கப் போகிறவரைப் பார்த்து எழுதப்பட்டது. எழுதுகிறவர் என்ன இனம் என்பதை அதிற் தேட வேண்டியிருக்கவில்லை.

பெண்களுக்கோ எழுத்தே எட்டாத பொருளாக இருந்தது. தேசவழமைப்படி சீதனக் காணி பெண்ணுடையது, உறுதியும் அவள் பேரில். ஆனால் உறுதியின் அடியில் எங்கள் பூட்டிமார் பலர் போட்டது புள்ளடி. நிலம் அவர்களுடையது, அதன் எல்லையைச் சொல்லும் எழுத்து நொத்தாரிசுடையது. 1824 இல் உடுவிலில் அமெரிக்க மிசன் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியபோது பிள்ளைகளைச் சேர்ப்பதே பெரும்பாடாயிருந்தது. பிறகு சைவப் பாடசாலைகளும் கத்தோலிக்க மடங்களும் பெண்களுக்குத் திறந்தன. நாவலருடைய பாலபாடம் பெண்பிள்ளைகளின் கைக்கும் வந்தது. இவை எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, விரித்துச் சொல்லவில்லை. நாங்கள் சொல்ல வருவது வேறு. புள்ளடியிட்ட பெண்ணின் மகள் கையொப்பமிடத் தொடங்கிய அதே காலத்திலேதான், எந்த எழுத்தில் கையொப்பமிடுகிறாய் என்பதை வைத்து நீ யார் என்று கணக்கெடுக்கும் வழக்கமும் வந்து சேர்ந்தது. அரசாங்கம் 1871 முதல் குடிசனமதிப்பு எடுத்து ஆளுக்கு ஓர் இனம் எழுதியது. பிறகு பாடசாலைகள் அந்த இனத்துக்கு ஓர் எழுத்தைக் கொடுத்தன.

இது எப்படி வேலை செய்தது என்பதை அறிய யாழ்ப்பாணம் ஏற்ற இடமன்று. இங்கே வீட்டிலும் தமிழ், பள்ளிக்கூடத்திலும் தமிழ். பார்க்க வேண்டியது மேற்குக் கரை: நீர்கொழும்பிலிருந்து சிலாபம் தாண்டிப் புத்தளம் வரையுள்ள கடலோரம். தமிழும் சிங்களமும் கலந்து வாழ்ந்த எல்லைநிலம் அது. சந்தையில் சிங்களம், தோணியில் தமிழ், கோயிலில் இரண்டும் என்று பல தலைமுறையாக வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் அங்கே உண்டு. பெர்னாண்டோ என்றும் பெரேரா என்றும் போர்த்துக்கேயர் காலத்துப் பெயர்கள். நீர்கொழும்பு மீனவர் தமிழ் என்று மொழியியலாளர் தனிப்பேரிட்டு அதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

1940களில் இலவசக் கல்வியோடு தாய்மொழிக் கல்வியும் வந்தது. நல்ல திட்டம், எங்களுட் பலர் அதனாலேயே படித்தோம். ஆனால் ஒரு பிள்ளையின் தாய்மொழி எது என்று தீர்மானிப்பது யார்? அடுப்படியில் தாய் பேசுகிற மொழியை ஒருவரும் போய்க் கேட்கவில்லை. தகப்பன் தாயின் இனம் எது என்றே பார்க்கப்பட்டது: சிங்களவரின் பிள்ளை சிங்களத்தில், தமிழரின் பிள்ளை தமிழில். முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் மட்டும் தெரிவு இருந்தது. நீர்கொழும்பு, சிலாபக் கரையிலே பாடசாலைகள் சிங்களத்துக்கு மாறின. பிள்ளைகள் சிங்கள அரிவரி படித்தார்கள். வீட்டில் தமிழ் நின்றது. இன்றும் நிற்கிறது. ஆனால் அதை எழுதவோ வாசிக்கவோ அவர்களுட் பெரும்பாலோருக்குத் தெரியாது. எழுத்து இல்லாத அந்தத் தமிழில் "நான் போனேன், நீ போனாய், அவள் போனாள்" என்ற விகுதி வேறுபாடுகள் தேய்ந்து, சிங்களப் பேச்சைப் போல எல்லோருக்கும் ஒரே வினைவடிவம் வந்துவிட்டது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

அந்த மக்களைக் கேட்டால் தாங்கள் சிங்களவர் என்பார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. நாங்கள் அவர்களை "தவறிப்போன தமிழர்" என்று உரிமை கொண்டாட வரவில்லை. அப்படிப் பேசுகிற மேடைகளில் எங்களுக்குப் பிரியமில்லை. ஒருவர் யார் என்பதை அவரே சொல்ல வேண்டும். ஆனால் ஓர் ஆசிரியை கவனிக்க வேண்டியது இங்கே உண்டு. வீட்டுமொழி ஒன்றும் பள்ளி எழுத்து வேறொன்றுமாக இருந்தபோது, இரண்டு தலைமுறைக்குள் பிள்ளை எழுத்தின் பக்கம் போயிற்று. தாய் பேசுகிறதை நிறுத்தவில்லை. யாரும் அவளைத் தடுக்கவுமில்லை. அதே கரையில், சிலாபத்துக்கு வடக்கே உடப்பு என்ற ஊரும் இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உள்ள ஊர். அவர்களும் கடற்றொழிலாளரே. அங்கே பள்ளிக்கூடம் தமிழாகவே இருந்தது, இன்றும் அவர்கள் தமிழர். கோயில்தான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். கோயிலும் ஒரு காரணம். நாங்கள் பள்ளிக்கூடத்தை முதலிற் சொல்வோம்.

இனி இதற்கு மாறான ஒரு கதை. இந்த மண்டபத்தில் எங்களோடு படித்த சோனகத் தெருப் பிள்ளைகள் சிலரை இன்று கண்டோம். அவர்கள் வந்தது பெரிய சந்தோசம். அவர்களுடைய பாட்டிமாருக்குத் தெரிந்திருந்த ஓர் எழுத்தைப் பற்றி எங்களுக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. அரபுத்தமிழ் என்பது அதன் பேர். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபெழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் இட்டுப் புதிய எழுத்துகள் ஆக்கிக் கொண்டார்கள். கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நிறைய எழுதினார். இலங்கைக்கும் வந்து போனவர் அவர். பேருவளை ஷெய்கு முஸ்தபா குர்ஆனுக்கு விரிவுரை எழுதியதும் அரபுத்தமிழிலேயே.

எங்களுக்கு இதிற் பிடித்த விடயம் பெண்கள். பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கும் போகாத முஸ்லிம் பெண்ணும் சிறு வயதில் ஓதப் பழகியிருப்பாள். ஆகவே அரபெழுத்தைக் கூட்டி வாசிக்க அவளுக்குத் தெரியும். அந்த எழுத்தில் தமிழை எழுதிக் கொடுத்தபோது, எங்கள் பூட்டிமார் புள்ளடியிட்ட காலத்தில் அவள் வீட்டிலிருந்தே புத்தகம் வாசித்தாள்: சமயக் கடமைகள், மருத்துவம், பாட்டுகள். கடன்வாங்கிய எழுத்துத்தான். அது தமிழை அழிக்கவில்லை. அங்கே தமிழைக் காப்பாற்றியதே அதுவென்றும் சொல்லலாம். 1885 இல் சித்திலெவ்வை அவர்கள் "அசன்பேயுடைய கதை" என்று இலங்கையின் முதல் தமிழ் நாவலை வெளியிட்டபோது, அந்தச் சமூகத்தில் தமிழை வாசிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது.

அதே வருடங்களில் ஒரு வழக்காடல் எழுந்தது. சோனகர் மொழியாலும் இனத்தாலும் தமிழரே என்று 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கட்டுரை வாசித்தார். அப்துல் அஸீஸ் அவர்கள் 1907 இல் அதை மறுத்து நூலெழுதினார். ஒரே மொழியைப் பேசினோம், ஒரே இனமாகவில்லை. நீர்கொழும்பில் எழுத்து மாறியதும் இனப்பெயர் நிலைத்துப்போனது. இங்கே எழுத்து ஒன்றான பிறகும் இனப்பெயர் இரண்டாகவே நின்றது. ஆகவே எழுத்து மட்டும் ஆளைத் தீர்மானிக்கும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றியபோது, அவர்கள் எங்களோடு ஒரே அரிவரி படித்தவர்கள் என்பது அவர்களுக்கு உதவவில்லை. வரவுப் பதிவேட்டிலிருந்து அந்தப் பேர்கள் ஒரே நாளில் இல்லாமற் போயின. அவர்களுட் பலர் போய் இருந்தது அதே மேற்குக் கரையில், புத்தளத்தில். அங்கே அகதிமுகாம் பள்ளிக்கூடங்களிலும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தே படிப்பித்தார்கள்.

எழுத்து ஒன்றுக்காக இந்த நாடு அடிபட்ட கதை எங்களுள் மூத்தவர்களுக்கு நேரே தெரியும். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம். அடுத்துப் புதிய வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958 ஜனவரியில் பஸ்கள் தேசியமயமாகி, அந்த எழுத்தோடு வடக்குக்கும் வந்தபோது தமிழரசுக் கட்சியினர் தார்ச்சட்டியும் தூரிகையுமாக இறங்கினார்கள். தெற்கிலே அதற்குப் பதிலாகத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் எங்கள் வகுப்புகளில் வந்து சேர்ந்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. சிங்கள ஸ்ரீயை அழித்த கைகள் அதனிடத்தில் எழுதியது தமிழ் ஸ்ரீ. அந்த ஸ்ரீ தமிழ் அரிவரியிலேயே இல்லை. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 ஐயும் எண்ணிப் பாருங்கள், அது கிரந்தம். சொல்லோ இரு பகுதியினருக்கும் பொதுவான சமஸ்கிருதச் சொல், ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. வளைவுதான் வேறு. அந்த வளைவு "இது யாருடைய நாடு" என்று சொன்னது, அதனால்தான் தார். கடைசியில் இலக்கத் தகட்டிலிருந்து ஸ்ரீயும் போய், 2000 ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகள் வந்து அமர்ந்தன. பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் எங்களுக்கு இது நினைவுக்கு வரும்.

அந்த வருடங்களில் அரசாங்க எழுதுவினைஞராகப் போன எங்கள் சகோதரிகள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. எழுதாதவர்களுக்குச் சம்பள உயர்ச்சி நின்றது. கொள்கைக்காக எழுதாமல் விட்டவர்களும் உண்டு, பிள்ளைகுட்டியை நினைத்து இரவில் குப்பிவிளக்கில் சிங்கள எழுத்துப் பழகியவர்களும் உண்டு. இரு சாராரையும் நாங்கள் அறிவோம், இரு சாராரையும் மதிக்கிறோம். ஒன்றை மட்டும் சொல்லலாம். யாழ்ப்பாண நகரில் அப்போது சிங்கள மகா வித்தியாலயம் ஒன்று இருந்தது, பேக்கரிக்காரரின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அந்த எழுத்தை அயலிலிருந்து ஆசையோடு படித்திருக்கக்கூடிய எங்களுக்கு, அது தண்டனையாக வந்து சேர்ந்தது. வெறுப்போடு படித்த எழுத்தில் ஒருவரும் கதைப்புத்தகம் வாசிக்கப் போவதில்லை.

இப்போது தமிழும் ஆட்சிமொழி. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் அதை எழுதி வைத்தது. பலகைகள் மும்மொழியில் வருகின்றன. ஆனால் பஸ் ஒன்றில் கர்ப்பிணித் தாய்மாருக்கான ஆசனத்தின் மேல் தகர எழுத்து நகரமாகி, "கர்ப்பிணி நாய்மார்" என்று நின்றதை நீங்கள் எல்லோரும் படத்திற் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். எழுதியவர் கெட்டவரல்லர். அவருக்கு அந்த எழுத்து ஒரு கோலம். கோலத்தைப் பார்த்துக் கீறினார், ஒரு கோடு பிசகியது.

எங்களைப் போல அல்லாடிய வேறு நாட்டாரும் உண்டு. மோல்டோவா என்ற நாட்டில் ருமேனிய மொழி பேசுகிறவர்கள் சோவியத் காலத்தில் அதை ரஷ்ய எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. 1989 இல் இலத்தீன் எழுத்துக்குத் திரும்பினார்கள். ஆனால் நீஸ்டர் நதிக்கு அப்பாலுள்ள திரான்ஸ்னிஸ்திரியாவில் பழைய எழுத்தையே வைத்திருக்கிறார்கள். அங்கே இலத்தீன் எழுத்தில் படிப்பித்த சில பாடசாலைகளை 2004 இல் மூடினார்கள். பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 2012 இல் தீர்ப்புப் பெற்றார்கள். இரு கரையிலும் ஒரே மொழி. அசர்பைஜானிலோ ஒரு நூற்றாண்டுக்குள் அரபு எழுத்து, இலத்தீன் எழுத்து, ரஷ்ய எழுத்து, திரும்பவும் இலத்தீன் எழுத்து. பேத்தி எழுதுவதைப் பாட்டி வாசிக்க முடியாத வீடுகள். முன்னொரு காலம் இதைப் படித்தபோது "ஐயோ பாவம்" என்றோம். இப்போது எங்கள் வீடுகளைப் பற்றிச் சொன்னதுபோல இருக்கிறது.

எங்கள் எழுத்திலும் நாங்கள் யார் என்பது தெரியும். தமிழ்நாட்டார் "டீச்சர்" என்று எழுதுவார்கள், நாங்கள் "ரீச்சர்" என்று எழுதுவோம். அவர்களுக்கு டிக்கெட், எங்களுக்கு ரிக்கற். அவர்களுடைய டொராண்டோ எங்களுக்கு ரொறன்ரோ. சென்னையில் ஒருவர் எங்கள் பத்திரிகையைக் கையில் எடுத்து "ரீச்சர்" என்பதை எழுத்துப்படியே வாசித்து விழித்ததைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இது பிழையன்று. வெற்றி, காற்று என்ற சொற்களிலே நாங்கள் ஒலிக்கிற அந்த நுனிநா ஒலியே ஆங்கிலேயரின் ஒலிக்குக் கிட்டியது என்று கண்டு அமைத்த வழக்கம். சொல்லுக்கு முதலில் ட வரக்கூடாது என்ற இலக்கணமும் சேர்ந்தது. (ரகரமும் முதலில் வரக்கூடாது என்பதைப் பண்டிதர்கள் வசதியாக மறந்தார்கள்.) கனடாவில் தமிழ்க் கடைப் பலகையொன்றைப் பார்த்தால், முதலாளி எந்தக் கரையிலிருந்து வந்தவர் என்று ஒரு றகரமே சொல்லிவிடும். தமிழ்த் தொலைக்காட்சியும் கைபேசியும் பெருகிய பிறகு எங்கள் இளையோர் ட வுக்கு மாறிவருகிறார்கள். ஒருவரும் கட்டளையிடவில்லை. அது தானாக நடக்கிறது.

லை, ணை, னை ஆகிய எழுத்துகளுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை போட்டு எழுதப் பழகியவர்கள் நாங்கள். தமிழ்நாட்டு அரசு 1978 இல் அதை எடுத்துவிட்டது, பிறகு எங்கள் பாடநூல்களிலும் போயிற்று. சிறு மாற்றம்தான். ஆனால் அம்மாவின் பழைய கடிதத்தைப் பார்த்து "அம்மம்மாவுக்கு எழுத்துப் பிழை" என்று சொன்ன பிள்ளைகள் உண்டு.

கடிதம் என்று வந்துவிட்டது. போர்க்காலத்தில் தொலைபேசி இல்லாத யாழ்ப்பாணத்திலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் மூலமும், கொழும்புக்குப் போகிறவர்களின் கைவழியும் எங்கள் தாய்மார் எழுதி அனுப்பிய கடிதங்கள் லண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்போணிலும் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. விறகு விலை, மண்ணெண்ணெய் விலை, யார் வீட்டில் செல் விழுந்தது, யாருக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வரலாற்றாசிரியர் ஒருவரும் எழுதாத வரலாறு அது. அதை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆட்கள் நாங்களே என்று ஆகிவிடக் கூடாது.

இனிக் கீதத்துக்கு வருவோம். கடன் எழுத்து என்பதற்காக நாங்கள் அதைத் தள்ள மாட்டோம். அரபுத்தமிழ் படித்த பெண்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் அவர்களிடம் இருந்ததும் எங்கள் பேரப்பிள்ளைகளிடம் இல்லாததும் எது? புத்தகம். அரபுத்தமிழுக்குச் சட்டமான எழுத்து இருந்தது, ஓர் ஒலிக்கு ஒரு குறி இருந்தது, படித்தால் வாசிக்க நூல்கள் இருந்தன. ஆங்கில எழுத்துத் தமிழில் கைபேசிச் செய்தியும் சினிமாப் பாட்டும் தவிர என்ன இருக்கிறது? வலி, வழி, வளி மூன்றையும் அதில் எழுதிப் பாருங்கள். மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே நிற்கும். யாழினி என்ற பெயரை லண்டனில் ஒருவிதம், ஒஸ்லோவில் ஒருவிதம், சென்னையில் இன்னொருவிதம் எழுதுகிறார்கள். ஒரே பேருடைய மூன்று பெண்கள் ஒருவரையொருவர் அறியாமற் போகலாம்.

இந்தச் சோதனை புதியதுமன்று. 1554 இல் லிஸ்பனில் ஒரு கிறிஸ்தவ ஞானோபதேச நூலை, தமிழை உரோம எழுத்தில் இட்டு அச்சடித்தார்கள். 24 வருடம் கழித்து, 1578 இல், கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" தமிழ் எழுத்திலேயே அச்சாகியது. வாசிக்க வேண்டிய முத்துக்குளித்துறை மக்களுக்கு வேற்றெழுத்து வாய்க்காது என்று அந்தப் பாதிரிமாருக்கே விளங்கியிருந்தது.

ஆகவே குழுவில் நாங்கள் சொன்னதையும் குழு ஏற்றதையும் இங்கே அறிவிக்கிறோம். மலரின் முதற் பக்கத்தில் கீதம் தமிழ் எழுத்தில் மட்டும் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒரு தனித்தாள் மலருக்குள் செருகியிருக்கும், தைக்கப்படமாட்டாது. பாடவேண்டிய பிள்ளை அதை எடுத்துப் பாடட்டும், இந்த வருடம் வாய்திறக்கட்டும். அந்தத் தாளோடு விட்டுவிட்டால் நீர்கொழும்புத் தமிழைப் போலப் பாட்டு மட்டும் நிற்கும். இது சிலருக்கு முழுத் திருப்தியில்லை என்பதும் தெரியும். "தாள்தான் முதலிற் கிழியும், புத்தகம் இருக்கும்" என்று ஓர் அக்கா சொன்னா. பார்ப்போம்.

கிளைகளிடம் இன்னும் ஒன்று கேட்கிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் எல்லா நகரிலும் இருக்கின்றன. எங்கள் சகோதரிகளே அவற்றுட் பலவற்றில் ஆசிரியைகள். அங்கே அ, ஆ முடித்த பிள்ளைக்கு அடுத்து வாசிக்க என்ன கொடுக்கிறோம்? ஊர் மணம் இல்லாத பாடப்புத்தகத்தோடு பிள்ளை சலித்து நின்றுவிடுகிறது. விடுதியில் நீங்கள் எழுதிய நாட்குறிப்பு, அம்மா எழுதிய கடிதம், ஒடியற்கூழ் காய்ச்சும் முறை, எங்கள் பழைய கூட்டக் குறிப்புகள் (முதற் சில பத்தாண்டுகள் முழுவதும் ஆங்கிலத்தில், பிறகே தமிழ், அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்) இவற்றை எளிய வாசிப்பு நூலாக்கச் சங்கம் முன்வந்திருக்கிறது. கடிதங்களின் நிழற்படிகள் போதும், மூலத்தை அனுப்ப வேண்டாம். வீட்டுக் கதைகள் வரும் இடங்களை மறைத்து அனுப்பலாம். கையெழுத்து விளங்காவிட்டாலும் பரவாயில்லை, தும்பிக்கையோடு கூடிய லையை வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.

 தேநீர் பின் மண்டபத்தில்.